வரிசை மாறாத ஒரு சாட்சி

போதகர் அவர்களே, நண்பரின் குடும்பத்தாரே, சபையாரே, அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன், கிறிஸ்தவனும் அல்லன். ஆயினும், மறைந்த நண்பர் குடித்த காலத்திலும், குடியை நிறுத்திய காலத்திலும், விசுவாசத்துக்குள் வந்த காலத்திலும் அவருக்கு அருகில் இருந்தவன் என்ற உரிமையோடு பேச நிற்கிறேன். அந்த மூன்று காலங்களின் வரிசையை மாற்றாமல் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் விருப்பம். அவரை நேசித்தவர்களில் பலர், ஆண்டவரைக் கண்டார், அன்றே குடியை விட்டார் என்று சொல்லிவருகிறார்கள். அப்படி நடக்கவில்லை என்பதை, சாட்சி சொல்ல எழுந்தபோதெல்லாம் அவரே பொறுமையாகத் திருத்தியிருக்கிறார்.

அவர் முதலில் போன இடம் மருத்துவமனை. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடல் அதைத் தாங்குவதில்லை. கை நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்தில் தொடங்கிவிடும்; முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும்; அதையடுத்து, இல்லாத உருவங்களைக் கண்டு அலறுகிற குழப்பநிலை சிலருக்கு ஏற்படும், சிகிச்சை கிடைக்காவிட்டால் அது உயிரையே கொண்டுபோய்விடும். எங்கள் நண்பர் அந்த நிலை வரை போய் மீண்டவர். வலிப்பைத் தடுக்கும் மருந்தும், மூளையைக் காக்கும் வைட்டமின் பி1 ஊசியும், கட்டிலின் அருகே உறங்காமல் அமர்ந்திருந்த மனைவியும்தான் அந்த நாட்களில் அவரைக் காப்பாற்றினார்கள். ஆகவேதான், ஜெபம் போதும், மருத்துவரிடம் போக வேண்டாம் என்று யாராவது ஒரு குடிநோயாளியிடம் சொல்லக் கேட்டால், மென்மையான அந்த மனிதர் கடுமையாகப் பேசுவார். மருத்துவரும் கடவுள் அனுப்பியவர்தாம் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

விசுவாசம் வந்தது அதற்குப் பிறகு, குடி விட்டுப்போன மாலைப் பொழுதுகளில். குடிப்பவரின் ஒரு நாள் முழுவதும் குடியைச் சுற்றியே அமைந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் என்ன செய்வதென்று தெரியாத நீண்ட நேரம் மிஞ்சும். பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்துபோன இந்தச் சபையின் மூப்பர் ஒருவர், பின்னர் அந்த மாலைகளில் எங்கள் நண்பரின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் போதிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பல மாதங்கள் கழித்து, எனக்காக ஜெபியுங்கள் என்று நண்பரே கேட்டார். அவரைப் பிடித்து நிறுத்திய வேதப்பகுதி எது என்று ஒருமுறை வினவினேன். ஏதேனும் ஓர் அற்புதத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பவுல் அப்போஸ்தலர் தம் மாம்சத்திலுள்ள முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீக்கப்படாமல், கிருபை போதும் என்ற மறுமொழியே கிடைத்த இடத்தைச் சொன்னார். முள் இருக்கும்போதே வாழலாம் என்று சொல்கிற கடவுளை என்னால் நம்ப முடிந்தது என்றார்.

ஞானஸ்நானம் பெற்ற பின்பும் அவர் ஒருமுறை மீண்டும் குடித்தார். குடும்பத்தார் இதைச் சொல்ல எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். விசுவாசம் உண்மையாயிருந்தால் விழுந்திருப்பாரா என்று அப்போது சிலர் கேட்டது அவர் காதுக்கும் போயிற்று. அந்தக் கேள்வி குடியைவிடக் கொடிது என்பேன். 1935-ஆம் ஆண்டில், குடியை விட்டிருந்த பில் வில்சன் என்பவர், அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொழில் முயற்சி தோற்றுத் தனித்திருந்தபோது, மறுபடி குடித்துவிடுவோமோ என்று அஞ்சி ஒரு போதகரைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த அழைப்பின் தொடர்ச்சியாகவே பாப் ஸ்மித் என்ற மருத்துவரைச் சந்தித்தார். இருவருமாகத் தொடங்கியதுதான், குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இயக்கம். அந்த மருத்துவரும் முதல் சந்திப்புக்குப் பின் ஒருமுறை விழுந்தார். பின் எழுந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10-ஐத்தான் அந்த இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. குடிநோய் திரும்பி வரும் இயல்புடையது. அது திரும்பியதைக் கொண்டு ஒருவரின் பக்தியை அளப்பது, காய்ச்சல் மீண்டும் வந்தவரை நன்றிகெட்டவர் என்பது போன்றது.

இந்தச் சபை அப்போது செய்த ஒரு காரியத்தை, வெளியிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் நன்றியோடு சொல்கிறேன். அவர் திரும்பி வந்த பின், ஆராதனையில் திராட்சை மது பகிரப்படும் திருவிருந்துக் கிண்ணத்தை வாங்காமல் தலைகுனிந்து அடுத்தவருக்குக் கடத்திவந்தார். அதைக் கவனித்த போதகர், அடுத்த மாதம் முதல் எல்லாருக்குமே புளிக்காத திராட்சைச் சாற்றைக் கொடுத்தார். ஏன் என்று அறிவிக்கவும் இல்லை. இதற்கு முன்னோடிகள் உண்டு: 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், திருவிருந்துக்காகவே சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைக் கையாண்டார். ஆனால் வரலாற்றை நண்பர் அறியார். தமக்கென்று தனிக் கிண்ணம் வைக்காமல், ஒரு சபையே தம்மோடு சேர்ந்து கிண்ணத்தை மாற்றிக்கொண்டது என்பதை மட்டும் அறிவார். அதற்குப் பின் அவர் குடித்ததில்லை.

கல்லீரல் மட்டும் மீளவில்லை. கொழுப்பு படிந்த கல்லீரல் குடியை நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். முற்றிலும் தழும்பேறிய கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. விசுவாசம் இதைக் குணமாக்கவில்லையே என்று கேட்டவர்களிடம் அவர் சினந்ததில்லை. மகளின் படிப்பு முடிவதைத் தெளிந்த கண்களோடு பார்த்தேன், அது எனக்குக் கணக்கில் இல்லாத வரவு என்பார்.

சனிக்கிழமை மாலைகளில் ஆலயத்தின் பின்கூடத்தில், எந்த மதத்தவரும் வரக்கூடிய குடிநோயாளிகள் கூட்டத்தை அவர் நடத்திவந்தார். அவர் படுத்த பிறகு இரண்டு வாரங்கள் கூடம் பூட்டியிருந்தது; வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். வருகிற சனிக்கிழமை நான் போய்த் திறப்பதாக அவர் மனைவியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் குடியை விட்ட அனுபவமுள்ள ஒருவர் அங்கே அமர்ந்தால்தான் வருபவர்கள் வாய்திறப்பார்கள். அப்படிப்பட்டவர் இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடமோ போதகரிடமோ தனியே சொல்லுங்கள். பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம்.