நடுவில் ஒட்டுப்போட்ட மின்கம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

மின்கருவிகளையும் இயந்திரங்களையும் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப ஆய்வு செய்வது என் தொழில். ஒரு பெட்டியின் மூடியைத் திறந்ததும் என் கண் முதலில் தேடுவது, கம்பிக்கட்டுக்கு நடுவே எங்காவது டேப் சுற்றிப் புடைத்திருக்கிறதா என்பதைத்தான். அப்படி ஓர் இடம் தென்பட்டால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த டேப்பைப் பிரித்துப் பார்ப்பேன். பசை சூட்டில் இளகி விரலில் பிசுபிசுக்கும். உள்ளே முறுக்கிவிட்ட செம்பு இழைகள் மினுமினுப்பை இழந்து கறுத்திருக்கும். இரு கம்பிகளை இணைத்த அந்த ஒட்டுக்கு இருபுறமும் சிறிது தூரம்வரை கம்பியின் உறை விறைத்துப்போய், வளைத்தால் விரிசல் விடும். உரிமையாளர் பக்கத்தில் நின்றுகொண்டு, “இத்தனை காலம் ஓடிக்கொண்டுதானே இருந்தது?” என்று கேட்பார். இன்று அவருடைய கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

மின்னோட்டம் ஒரு தடையைக் கடக்கும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1841-இல் எழுதிவைத்தார். நல்ல ஒட்டின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். தளர்ந்த ஒட்டில் அது 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் மட்டும் 10 வாட் வெப்பம் உண்டாகிறது. ஈயப்பற்று வைக்கும் சிறிய சூட்டுக்கோல்கள் 15 வாட்டிலேயே வேலை செய்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். சாதாரண பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்கக்கூடியது 70 டிகிரி செல்சியஸ்தான். கருவி ஓடும்போது ஒட்டு சூடாகி விரிகிறது. நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் இழைகளின் பிடி சற்றுத் தளர்கிறது. தளர்ந்த இடைவெளியில் காற்றுப் பட்டுச் செம்பின் மேல் ஆக்சைடு படிகிறது. தடை மேலும் ஏறுகிறது, அடுத்த முறை சூடும் ஏறுகிறது.

இதில் என்னை மிகவும் அச்சுறுத்துவது வேறொன்று. இந்தச் சூட்டைப் பியூஸ் உணராது. சர்க்யூட் பிரேக்கரும் உணராது. அவை பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை. மோசமான ஒட்டு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை. தடை கூடுவதால் சற்றுக் குறைக்கத்தான் செய்யும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியும் பயன்படாது, ஏனென்றால் இங்கே கசிவே இல்லை. அந்த இடத்தில் தீப்பற்றும்வரை, நாம் நம்பியிருக்கும் காவல் சாதனங்களின் கணக்கில் எல்லாமே ஒழுங்காக இருக்கிறது.

ஆகவேதான் இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.இ.சி. 60204-1, கம்பி ஒரு டெர்மினலில், அதாவது கம்பியைத் திருகி இணைக்கும் முனையில், தொடங்கி அடுத்த டெர்மினலில் முடிய வேண்டும், நடுவில் ஒட்டு கூடாது என்று சொல்கிறது. டெர்மினல் என்பது தெரிந்த இடத்தில் இருப்பது. அதற்கு எண் உண்டு, வரைபடத்தில் இடம் உண்டு. திருகை இறுக்கிப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம். கம்பிக்கட்டுக்குள் புதைந்த ஒட்டை, அதைப் போட்டவர் வேலையை விட்டுப் போன பிறகு யார் தேடுவார்கள்? விதிவிலக்கும் உண்டு. நகரும் இயந்திரங்களிலும், ஒரே சுருளில் கிடைக்காத அளவுக்கு நீளமான கேபிள்களிலும், டெர்மினல் பெட்டி வைக்க வழியே இல்லையென்றால் ஒட்டை அந்தத் தரநிலை அனுமதிக்கிறது. தற்செயலாகக் கழன்றுவிடாதபடி காப்புள்ள பிளக்-சாக்கெட் இணைப்பை அது ஒட்டாகவே கருதுவதில்லை.

ஒட்டு என்றாலே குற்றம் என்று பேசும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிரிம்ப் குழல் என்பது கம்பி நுனிகளை உள்ளே செருகி நசுக்கி இணைக்கும் உலோகக் குழல். கம்பியின் பருமனுக்கு ஏற்ற குழலை, அதற்கென்றே உள்ள கருவியால் அழுத்திப் போட்ட ஒட்டில் காற்றுக்கூடப் புகாது. அதே குழலைச் சாதாரணக் குறடால் நசுக்கினால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். ஈயப்பற்று வைத்த ஒட்டைப் பற்றி அமெரிக்க மின்விதித் தொகுப்பு சொல்வது எனக்குப் பிடித்தமானது: ஈயம் இல்லாமலேயே ஒட்டு உறுதியாக நிற்க வேண்டும், ஈயம் அதற்குப் பிறகுதான். மேலே போடும் உறை, கம்பியின் சொந்த உறைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. சூட்டில் பசை இளகிவிடும் டேப் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதிலாகும்?

ஒரு வழக்கத்தைக் கட்டாயம் கைவிடச் சொல்வேன். பல இழைக் கம்பியின் நுனியில் ஈயம் பூசி, அதைத் திருகின் கீழ் வைத்து இறுக்குவது சுத்தமான வேலை என்று பலர் நம்புகிறார்கள். ஈயக்கலவை தொடர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து விலகக்கூடிய உலோகம். இன்று இறுக்கிய திருகு நாளடைவில் தானாகவே தளர்ந்துவிடக்கூடும். வீட்டு மின்கருவிகளுக்கான தரநிலை ஐ.இ.சி. 60335-1, மின்வடத்தின் (கருவியைப் பிளக்கோடு இணைக்கும் வடத்தின்) கம்பிகளில் இதைப் பொதுவாகத் தடுத்திருக்கிறது. நுனியில் உலோகக் குழல் மாட்டி அழுத்துவதே சரி.

எர்த் கம்பியில் போட்ட ஒட்டை மட்டும் நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை. மின்சாரம் வரும் கம்பியில் ஒட்டு விட்டுப்போனால் கருவி நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். எர்த் விட்டுப்போனால் கருவி வழக்கம்போல் ஓடும். வேறொரு நாள் உள்ளே காப்புறை பழுதாகி உலோக உடலில் மின்சாரம் பாயும்போது, அதைத் தொடுபவர்தான் எர்த் ஆகிறார். மல்டிமீட்டரை வைத்து “தொடர்பு இருக்கிறது” என்று சொல்வதும் போதாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. பல இழைகளில் ஒன்றே ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் அது நன்றாகவே காட்டும். இதனால்தான் அதே 60335-1 தரநிலை, 12 வோல்ட்டுக்கு மிகாத மூலத்திலிருந்து குறைந்தது 25 ஆம்பியர் செலுத்திப் பார்க்கச் சொல்கிறது. கருவியின் உடலுக்கும் எர்த் முனைக்கும் இடையே தடை 0.1 ஓமைத் தாண்டக் கூடாது. ஒற்றை இழையில் தொங்கும் ஒட்டு அந்தச் சோதனையில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

கருவியின் மின்வடம் அறுந்தால் என்ன செய்வது? பிளக்குக்கு அருகில் அறுந்திருந்தால், பழுதான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதி வடத்தில் புதிய பிளக் மாட்டலாம். நடுவில் அறுந்திருந்தால் வடத்தையே மாற்றிவிடுங்கள். தனிக் கருவி இல்லாமல் திறக்க முடியாதபடி வடம் பொருத்தப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தை உற்பத்தியாளரின் பழுதுநீக்கும் பிரிவுதான் செய்ய வேண்டும்.

இயந்திரத்தில் தவிர்க்க முடியாமல் ஒட்டுப் போட நேர்ந்தால், வேலை முடிந்ததும் 500 வோல்ட் டி.சி. மின்னழுத்தத்தில் காப்புத்தடையை, அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் உறை தடுக்கும் அளவை, அளந்து, அது 1 மெகாஓமுக்கு (பத்து லட்சம் ஓமுக்கு) குறையவில்லை என்று உறுதிசெய்யுங்கள். அந்த அளவீடு உறையைப் பற்றி மட்டுமே சொல்லும், ஒட்டின் பிடியைப் பற்றிச் சொல்லாது. ஆகவே இயந்திரத்தை முழுச் சுமையில் ஓடவிட்டு, வெப்பப் படக்கருவியால் ஒட்டைப் பாருங்கள். பக்கத்துக் கம்பியைவிடச் சூடாகத் தெரிந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து, தேதியையும் பயன்படுத்திய குழலின் அளவையும் எழுதி, பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் வைத்துவிடுங்கள்.

வணக்கம்.