மணல் கொதிக்கும் காட்டில் ஒரு கூடாரம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். காவிரிப் பாசனப் பகுதியில், பெரும்பாலும் கொள்ளிடக் கரையிலேயே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீர்ப்பாசனப் பணியில் இருந்தவன் நான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஒகாலா என்னும் காடு. அங்கே ஊற்றுகளின் அருகில் கூடாரம் அடித்துத் தங்குவது எப்படி என்பது. என் மகள் அம்மாநிலத்தில் குடியிருப்பதால் மூன்று முறை அந்தக் காட்டில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நம் பிள்ளைகள் பலர் இன்று அந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கடைவீதிகளோடு திரும்பிவிடாமல் இந்தக் காட்டில் ஓரிரவாவது படுத்து எழ வேண்டும் என்பது என் ஆசை.

ஒகாலா 1908ஆம் ஆண்டு தேசியக் காடாக அறிவிக்கப்பட்டது. ஒக்லவாஹா, செயின்ட் ஜான்ஸ் என்னும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே அது கிடக்கிறது. பனி பெய்யும் நாடு என்று நாம் நினைத்திருக்கும் அமெரிக்கா இங்கே இல்லை. வெயிலும் புழுக்கமும் பிற்பகல் இடிமழையும் நமக்குப் பழகியவையே. மண்ணும் பழகியதுதான், கோடியக்கரை மணல்மேடுகளின் மேல் பைன் மரங்களை நட்டு வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அக்காட்டின் பெரும்பகுதி இருக்கிறது.

அந்த மணலில் விழும் மழை ஓடுவதில்லை, இறங்குகிறது. இறங்கிய நீர் அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்ந்து, மேட்டு நிலத்து நீரின் அழுத்தத்தால் தள்ளப்பட்டு, தாழ்வான இடங்களில் ஊற்றாகப் பீறிடுகிறது. எவ்வளவு நீர் என்று கேட்பீர்கள். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று ஆண்டுதோறும் இதே வானொலியில் கேட்டுவரும் உங்களுக்கு அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். விநாடிக்கு 100 கன அடிக்குக் குறையாமல் சுரப்பதை அங்கே முதல் தர ஊற்று என்கிறார்கள். அக்காட்டில் உள்ள அலெக்சாண்டர் ஊற்று அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு பாசன வாய்க்காலை நிறைக்கும் நீர், மதகும் இல்லாமல், முறையும் இல்லாமல், இரவும் பகலும் பூமிக்குள்ளிருந்து எழுந்து வருவதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடக் கரையில் இரவுக் காவல் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆற்றில் நீர் கரை தொட்டு ஓடும்போது, கரைக்கு வெளிப்புறம் அடிவாரத்தில் கசிவு காணும். கசிகிற நீர் தெளிவாக இருந்தால் பொறுக்கலாம். அது கலங்கி வந்தால், சின்னதாக ஒரு வட்டத்தில் மணல் குமிழிட்டுக் கொதிப்பது போல் புரண்டால், கரையின் வயிற்றிலிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உடனே அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீரைத் தேங்க விட்டு, அழுத்தத்துக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். தவறினால் விடிவதற்குள் உடைப்பு. ஒருமுறை ஐப்பசி அடைமழையில், லாந்தர் வெளிச்சத்தில், அப்படி ஒரு மணல் கொதிப்பின் அருகே கிராமத்து மக்களோடு விடிய விடிய நின்றிருக்கிறேன். அந்தக் கரை நின்றது. அந்தச் சப்தமற்ற கொதிப்பு மட்டும் என் கண்ணை விட்டு இன்றுவரை போகவில்லை.

ஒகாலாவில் ஜூனிபர் ஊற்றுக்கு நடந்து போகும் தூரத்தில் ஃபெர்ன் ஹாம்மக் என்னும் ஊற்றுக்கூட்டம் இருக்கிறது. மரப்பாலத்தில் நின்று குனிந்து பார்த்தேன். கண்ணாடி போன்ற நீருக்கடியில், ஒன்றல்ல, பல இடங்களில் வெள்ளை மணல் அதே போலக் குமிழிட்டுப் புரண்டுகொண்டிருந்தது. என் உடம்பு ஒரு கணம் நடுங்கியது உண்மை. பக்கத்தில் நின்ற மகள், “என்னப்பா?” என்று கையைப் பிடித்தாள். ஆனால் அந்த நீர் கலங்கவில்லை. மணல் எழுந்த இடத்திலேயே திரும்பப் படிந்தது. எந்த அசைவைக் கண்டால் ஊரை எழுப்ப வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பழகியிருந்தேனோ, அதே அசைவு அங்கே காட்டுக்கே உயிராக இருந்தது. நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

இனித் தங்குமிடத்துக்கு வருகிறேன். ஜூனிபர், அலெக்சாண்டர், சால்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் ஊற்றின் அருகிலேயே முகாம் திடல்கள் உள்ளன. கழிப்பறையும் குளியல் வசதியும் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஜூனிபரில் 1930களில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்து இளைஞர்கள் கட்டிய குளமும், ஊற்று நீரால் சக்கரம் சுழன்ற ஆலை வீடும் இன்றும் நிற்கின்றன. சால்ட் ஸ்பிரிங்ஸ் நீரில் இலேசாக உப்புக் கரிக்கும்; நம் கடலோரத்து மடவை மீன் அங்கே காட்டின் நடுவே கூட்டமாக நீந்துவதைக் காணலாம்.

திடலுக்குள் எந்த மனையைத் தேர்வது என்பதில்தான் நம் ஊர் அறிவு உதவும். நீருக்கு மிக நெருங்கிய மனையை எடுக்காதீர்கள். அதைவிடச் சற்று மேட்டில், வெறும் மணலாக உள்ளதை எடுங்கள். மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பாருங்கள். உதிர்ந்தால் மழை இறங்கிவிடும், உருண்டையானால் தேங்கும். ஜூன் மாதப் பயணத்தில், ஓக் மர நிழலுக்கு ஆசைப்பட்டு, சருகு மூடிய தாழ்ந்த இடத்தில் மருமகன் கூடாரம் அடித்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவு இடிமழையில் பாய்க்கு அடியில் நீர் ஏறிவிட்டது. பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தோம். இருபதடி தள்ளி இருந்த மணல்மேடு காலையில் காய்ந்து கிடந்தது. மேடு பார்த்துப் படுங்கள் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

அங்கே கருங்கரடிகள் உண்டு. உணவுப் பொருள் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. ஊறுகாய், நெய், கருவாடு எதுவானாலும், ஏன், பற்பசையையும் சேர்த்து, காரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நீரோரத்தில் முதலைகள் உண்டு. குளிக்க அனுமதித்த இடத்தில், பகலில் மட்டும் இறங்குங்கள்.

போவதற்கு உரிய காலம் கார்த்திகை முதல் மாசி வரை. ஆண்டு முழுவதும் ஊற்று நீரின் வெப்பம் 22 பாகை செல்சியசிலேயே நிற்கிறது. மார்கழி விடியலில் நம் கிணற்று நீர் வெதுவெதுப்பாக ஆவி பறப்பதை அறிவீர்கள் அல்லவா? பூமிக்குள் இருக்கும் நீருக்குக் குளிரும் கோடையும் எட்டுவதில்லை என்ற அதே காரணம்தான் அங்கும். அந்த வெதுவெதுப்பைத் தேடி, நம் பாக் விரிகுடாவில் உள்ள ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு உறவான மனாட்டி என்னும் பெரிய நீர்விலங்குகள், குளிர்காலத்தில் செயின்ட் ஜான்ஸ் ஆற்றோர ஊற்றுகளுக்குக் கூட்டமாக வந்து சேர்கின்றன.

நேரம் முடியப் போவதாக நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். நம் ஆற்று ஊற்றைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சித்திரையில் ஆறு வறண்டு கிடக்கும்போது நடுமணலில் குழி பறித்து, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பிய தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மணல் இருந்தவரை அந்த நீர் இருந்தது. மணலை அள்ளிய இடங்களில் எத்தனை ஆழம் பறித்தாலும் அது கிடைப்பதில்லை. ஒகாலா செல்ல இயலாதவர்கள் கோடியக்கரைக்குப் போகலாம். 1967ஆம் ஆண்டு முதல் சரணாலயமாக உள்ள அந்தக் காட்டில் வெளிமான்கள் மேயும். வனத்துறையின் அனுமதி பெற்று, கார்த்திகை, மார்கழியில் பறவைகள் வந்திருக்கும்போது, விடியுமுன் அங்கே போய்ச் சேருங்கள். வணக்கம்.