ஸ்ட்ரட் பார் போட்டால் கார் இறுகுமா?

[காட்சி: பெங்களூரு ஜே.சி. ரோடு. கடை வாசலில் தொங்கும் சிவப்பு, நீலக் கம்பிகள்]

வணக்கம். ஜே.சி. ரோட்டில் கார் சாமான் கடைக்குள் நுழைந்தாலே, "ஸ்ட்ரட் பார் போடுங்க சார், வண்டி ரோட்டைப் பிடிச்சுக்கும்" என்பார்கள். பிடிக்குமா? ஸ்ட்ரட் பார் என்பது பானெட்டுக்குள் இரண்டு பக்க ஷாக் அப்சார்பர்களின் தலைப்பகுதியை இணைக்கும் கம்பி. அது என்ன வேலை செய்கிறது என்று புரிய, முதலில் காரின் உடம்பைப் பார்ப்போம்.

பொலேரோ, ஸ்கார்பியோ வண்டிகளில் அடியில் தனியாக லேடர் ஃபிரேம், அதாவது ஏணி மாதிரி இரும்புச் சட்டம் இருக்கும். ஸ்விஃப்ட் மாதிரி கார்களில் அது கிடையாது. தகடுகளை மடித்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்த உடம்புதான் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் சட்டம். 1922-இல் வந்த லான்சியா லாம்டாவிலேயே இந்த யோசனை இருந்தது.

[காட்சி: காலி இனிப்புப் பெட்டி, இரண்டு கைகளில்]

மூடியோடு முறுக்கினால் அசைய மாட்டேன் என்கிறது. மூடியை எடுத்தால் துவண்டு போகிறது. அட்டை அதே அட்டைதான், திறப்புதான் பலவீனம். காரில் கதவுகள், டிக்கி, சன்ரூஃப் எல்லாமே திறப்புகள். ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் தேவை என்பதை வைத்து இந்த உறுதியை அளக்கிறார்கள்.

முறுக்கினால் என்ன கெட்டது? உடம்பும் ஒரு ஸ்பிரிங்காக மாறிவிடுகிறது. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அடக்க ஷாக் அப்சார்பர் உண்டு. உடம்பை அடக்க அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் குழியில் இறங்கிய பிறகும் டேஷ்போர்டு நடுங்குகிறது, வளைவில் சக்கரம் நிற்கும் கோணமும் கொஞ்சம் மாறுகிறது.

[காட்சி: நடைபாதை விளிம்பில் ஒரு முன்சக்கரம் ஏறி நிற்கும் கார்]

உங்கள் காரிலேயே பாருங்கள். இப்படி நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, கதவுகளையும் டிக்கியையும் திறந்து மூடுங்கள். சமதரையில் மூடுவதைவிட லாக் பிசகிப் பிடித்தால் உடம்பு முறுக்குகிறது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை விரலால் தடவினால் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று தெரியும்.

சரி, ஸ்ட்ரட் பார். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் டவர்கள் தெரியும். அவற்றைக் கம்பி இணைக்கிறது. ஆனால் பல கார்களில் டவருக்கு ஒட்டியே கண்ணாடிக்குக் கீழே வலுவான இரும்புச் சுவர் ஓடுகிறது. அது இருந்தால் முன் கம்பியால் கிடைக்கும் லாபம் குறைவு. இன்ஜினைத் தாண்ட வளைத்த கம்பியும் பயனில்லை. அழுத்தினால் வில் மாதிரி வளையும். நேரான கம்பி, தடித்த பிராக்கெட், வெல்டிங் செய்த முனை, இவைதான் எனக்குப் பிடிக்கும். ஹேட்ச்பேக் என்றால் பின்னால் உள்ள பெரிய திறப்பையும் யோசியுங்கள்.

அடியில் சக்கரத்தை உடம்போடு சேர்க்கும் லோயர் ஆர்ம் பொருந்தும் இடங்களை இணைக்கும் கம்பியில் வித்தியாசம் நன்றாகத் தெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் பெங்களூரு ஹம்ப்புகளில் அதுதான் முதலில் இடிபடும். கிரவுண்ட் கிளியரன்ஸை அளக்காமல் வாங்காதீர்கள்.

ஹம்ப்பில் "கட கட" சத்தம் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி சேஸிஸ் இல்லை. சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு, லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஷாக் மவுன்ட் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தேய்ந்த புஷ்ஷின் மேல் எந்தக் கம்பியும் வேலை செய்யாது.

ரோல் கேஜும் (காருக்குள் போடும் இரும்புக் குழாய்க் கூண்டு) கூடுதல் வெல்டிங்கும் ரேஸ் காருக்கானவை. ஹெல்மெட் இல்லாத தலைக்கு அருகே இரும்புக் குழாய் இருப்பது பெரிய ஆபத்து. உயர்வலு ஸ்டீலை வெல்டிங் சூடு பலவீனமாக்கும். அப்புறம், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

ஸ்ட்ரட் பார் மாதிரி போல்ட்டில் மாட்டும் கம்பியைப் போடும்போது கார் சமதரையில் நான்கு சக்கரத்தில் நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கி மாட்டினால், முறுக்கிய நிலையிலேயே இறுகிவிடும். எல்லா நட்டுகளையும் கையால் மாட்டி, பிறகு டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள். சில நாள் ஓடியதும் மறுபடி சரிபார்த்து, வீல் அலைன்மென்ட்டையும் பார்த்துவிடுங்கள்.