ஒரு கட்டு லக்சா இலை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். படிக்க லண்டன் வந்தேன், வேலை கிடைத்தது, இங்கேயே தங்கிவிட்டேன். வந்த புதிதில் ஒரு குளிர்கால இரவு, தெருமுனைச் சீனக் கடையில் 'சிங்கப்பூர் நூடுல்ஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஆசையாக உள்ளே போனேன். கறித்தூள் போட்டு மஞ்சளாக வறுத்த மீகூன், அதாவது அரிசிச் சேமியா வந்தது. பசிக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் சிங்கப்பூரில் அப்படி ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை. அது ஹாங்காங் உணவகங்களில் பிறந்த பண்டம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதோடு பெயர்ப்பலகையைப் பார்த்துப் போவதை விட்டுவிட்டேன். இந்தச் சாப்பாடு யாருக்கு அன்றாடம் வேண்டியிருக்கிறது, அவர்கள் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினேன். மாணவர்கள் வழிகாட்டியது பேஸ்வாட்டரில் உள்ள மலேசியா ஹால் உணவகத்துக்கு. அங்கே நாசி லெமாக் சாப்பிட்ட அன்று, தேங்காய்ப்பால் சோற்றில் பண்டான் இலை வாசம் வந்ததுமே கண் கலங்கிவிட்டது. கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் அக்கா ஏர்ல்ஸ் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே சினிகாங் என்று ஒரு புளிக் குழம்பு. நம் வீட்டு ரசத்துக்குப் பழகிய நாக்குக்கு அதைப் பிடிக்க ஒரு வாய் போதும்.

யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டோரிக் வே என்று ஒரு சின்னத் தெரு. அங்கே படியிறங்கிப் போனால் 'ரொட்டி கிங்'. வாசலில் எப்போதும் வரிசைதான். நான் உட்காருவது ரொட்டி போடும் இடம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைக் கையால் அழுத்திப் பரப்பி, வீசி, மேசையில் அறைகிறார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் மாவு அகலமாகி, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகிவிடும். மடித்துக் கல்லில் போட்டு, வெந்ததும் எடுத்து இரண்டு உள்ளங்கைகளாலும் சேர்த்து ஒரு தட்டு. அடுக்குகள் பிரிந்து ஆவி மேலே வரும். ராமநாதபுரம், தென்காசிப் பக்கமிருந்து கடல் தாண்டிப் போன தமிழ் முஸ்லிம்களின் கடைகளை நாங்கள் 'மாமாக்' (mamak) கடை என்போம். 'மாமா' என்ற நம் சொல்தான் மலாயில் அப்படி ஆனது. அந்தக் கடைகளின் ரொட்டிச் சத்தத்தை லண்டனில் நிலத்துக்கு அடியில் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, எனக்குக் கிடைக்காமல் இருந்தது ஒன்றே ஒன்று. பினாங்கு அசாம் லக்சா என்கிற புளிப்பு மீன் குழம்பு நூடுல்ஸுக்குப் போடும் இலை. மலாயில் டாவுன் கெசும். மீனும் புளியும் மிளகாயும் எந்த ஊரிலும் வாங்கிவிடலாம். அந்த இலை இல்லாவிட்டால் அது வெறும் மீன் குழம்புதான், லக்சா ஆகாது. பல கடைகளில் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் பெயர் புரியவில்லை.

ஒருநாள் ஹாக்னி பக்கம் கிங்ஸ்லாண்ட் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வரிசையாக வியட்நாம் உணவகங்கள் உள்ள சாலை அது. போருக்குப் பிறகு படகேறித் தப்பித்து ஹாங்காங் முகாம்களில் கிடந்தவர்களை 1979 முதல் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. ஒரே இடத்தில் சேர விடாமல் சில குடும்பங்கள் இங்கே, சில குடும்பங்கள் அங்கே என்று நாடெங்கும் பிரித்துக் குடியமர்த்தினார்கள். பேச ஆளில்லாத ஊர்களில் எத்தனை நாள் இருப்பது? பலர் தாங்களே கிளம்பி லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். நமக்கு இன்று அந்தச் சாலையில் ஒரு கிண்ணம் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் கிடைக்கிறதென்றால் அது அவர்கள் ஒன்றுசேர்ந்ததால்தான்.

அங்கே ஒரு மளிகைக் கடையில் கீரைக் கட்டுகளுக்கு நடுவே சிவந்த கணுவும் இலை நடுவில் கருஞ்சிவப்புத் தழும்புமாக ஒரு கட்டு தெரிந்தது. கடைக்கார அம்மாவிடம் என்னவென்று கேட்டேன். "ராவ் ராம்" என்றார். ஓர் இலையைக் கிள்ளி, விரலில் கசக்கி, என் மூக்கருகே நீட்டினார். எலுமிச்சையும் மிளகும் கலந்த மாதிரி, அம்மாவின் அடுப்படியில் வந்த அதே வாசம்! அவர்கள் அதை வாத்து முட்டையோடும் கோழி சாலட்டிலும் சாப்பிடுவார்களாம். நாங்கள் லக்சாவுக்குப் போடுவோம் என்றேன். அவருக்கு அது புதுச் செய்தி. எனக்கு இரண்டு கட்டு கொடுத்துவிட்டு ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார்.

அன்று இரவு கானாங்கெளுத்தி வாங்கி லக்சா வைத்தேன். மீந்த நான்கு தண்டுகளைக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்ததில் கொஞ்ச நாளில் வெள்ளை வேர் விட்டது. இப்போது அது தொட்டியில் இருக்கிறது. உறைபனி பட்டால் கருகிவிடும் என்பதால் அக்டோபர் வந்ததும் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவேன்.