வாசிக்கலாம், எழுதலாமா? தேயிலைத் தொழிற்சாலையின் தரவு யார் கையில்

[காட்சி: தலவாக்கலைப் பக்கத்து மலைச்சரிவு. மூடுபனிக்குள் ஒரு தேயிலைத் தொழிற்சாலை.]

வணக்கம். மேல்தளத்தில் பச்சைக் கொழுந்து வாடிக்கொண்டிருக்கிறது. அடியிலிருந்து விசிறி காற்றை ஊதுகிறது. அந்தக் காற்றால் இன்னும் எவ்வளவு ஈரத்தை உறிஞ்ச முடியும் என்பதை சாதாரண உலர்குமிழ் வெப்பமானிக்கும் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். தென்மேற்குப் பருவமழையில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். அப்போது சூடான காற்றைக் கலந்தாக வேண்டும்.

இந்த அளவுகளை உணரிகள் எடுத்து, பி.எல்.சி. எனும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். உடனே பலர் அந்த இலக்கங்களைக் கேட்பார்கள்: தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர், தோட்ட முகாமையாளர், கொழும்புத் தலைமை அலுவலகம், இயந்திரத்தை விற்ற நிறுவனம். யாருக்கு எதைத் திறந்துவிடுவது?

[திரையில்: பி.எல்.சி., அதன் நினைவகத்தில் வரிசையாகப் பெட்டிகள்.]

இக்கருவிகள் பேசும் மொழிகளில் மிகவும் பரவலான ஒன்று மோட்பஸ். மோடிக்கொன் நிறுவனம் 1979இல் உருவாக்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் 16 பிட் கொண்ட ஓர் எண் இருக்கும். பெட்டியை வாசிக்கக் கட்டளை எண் 3, அதில் எழுதக் கட்டளை எண் 6. கேட்பவர் யார் என்று மோட்பஸ் விசாரிப்பதே இல்லை. கடவுச்சொல்லும் கிடையாது. வலையமைப்புக்குள் நுழைந்தவர் உலர்த்தியின் வெப்பநிலையைப் பார்க்கலாம். அதே வழியில் அதை மாற்றவும் செய்யலாம். ஒரே கம்பியில் நாலைந்து இயந்திரங்கள் மட்டும் இருந்த காலத்துக்கு இது போதுமாக இருந்தது. இணையத்தோடு இணைத்த பிறகு போதாது.

2015 டிசம்பரில் உக்ரைனில் நடந்ததைப் பாருங்கள். மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்களின் திரைகளைத் தொலைவிலிருந்தே இயக்கி மின்சாரத்தைத் துண்டித்தார்கள். சுமார் 225,000 வாடிக்கையாளர்கள் இருளில் விடப்பட்டார்கள். பார்ப்பதற்கான இடத்திலேயே இயக்கும் அதிகாரமும் இருந்தது.

[திரையில்: 923 என்ற எண் மட்டும்.]

இன்னொரு சிக்கல் சத்தமில்லாதது. பெட்டியில் 923 என்று இருக்கிறது. 92.3 பாகையா, 923 சுற்றுகளா? மோட்பஸ் சொல்லாது. எப்போது அளந்தது என்பதையும் சொல்லாது. ஈரக்குமிழ் அளவு இப்போதையது, உலர்குமிழ் அளவு அரை மணி நேரம் பழையது என்றால், இரண்டையும் கழித்து வரும் விடை வெறும் பொய். அதை நம்பிச் சூட்டைக் கூட்டினால் கொழுந்து பாழாகும். உணரியின் கம்பி அறுந்த பிறகும் கடைசி எண் திரையில் அப்படியே நிற்கலாம். பார்ப்பவர் எல்லாம் சரி என்று நினைப்பார்.

2008இல் வெளிவந்த ஓ.பி.சி. யூ.ஏ. என்ற இன்னொரு கருவி மொழி இதற்கு வழி செய்தது. அளவோடு அளந்த நேரமும், அதை நம்பலாமா என்ற தகுதிக் குறியும் சேர்ந்தே பயணிக்கும். இணையும் கருவிகள் சான்றிதழ் காட்டலாம்; இவர் வாசிக்கலாம், இவர் எழுதலாம் என்று ஆளுக்கு ஆள் உரிமையைப் பிரிக்கலாம். ஆனால் அந்த வசதிகளை அமைத்து இயக்கினால்தான் பயன்.

[காட்சி: தொழிற்சாலை, நடுவில் ஒரு கணினி, அப்பால் கொழும்பு.]

பழைய பி.எல்.சி.யைத் தூக்கி எறியத் தேவையில்லை. நடுவில் ஒரு கணினியை வையுங்கள். அது பெட்டிகளை வாசித்து, அலகும் நேரமும் சேர்த்துப் பிரதியை வைத்திருக்கட்டும். கொழும்பு அந்தப் பிரதியைப் பார்த்தால் போதும், பி.எல்.சி. வரை யாரும் வரவேண்டியதில்லை. விற்ற நிறுவனம் தொலைவிலிருந்து பழுது பார்க்க வேண்டுமானால், தொழிற்சாலையில் ஒருவர் இணைப்பைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடட்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தலைமை அலுவலகத்துக்குத் திரை வைத்துவிட்டு, இரவு முறையில் உலர்த்தியின் அருகே நிற்கும் தொழிலாளிக்கு எதையும் காட்டாமல் இருப்பது அநீதி, ஆபத்தும்கூட. சூடு மீறினால் முதலில் ஓடவேண்டியவர் அவர்தான். முதல் திரை அவர் முன்னால் இருக்கட்டும், தமிழிலும் சிங்களத்திலும்.

இயந்திரம் வாங்கும்போதே எந்தப் பெட்டியில் எந்த அளவு, எந்த அலகு, எதில் எழுதலாம் என்ற முழுப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது விற்பவரிடம் மட்டும் இருந்தால், உங்கள் தொழிற்சாலையின் அளவுகளைப் படிக்கவே நாளை அவரிடம் காசு கொடுத்துக் காத்திருக்க நேரும்.