ஒட்டுப்போட்ட தரை

நடுவர் அவர்களே, எதிரணியில் வடையைப் பாதியில் வைத்துவிட்டு என்னையே முறைக்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கோயிலுக்குப் பின்தெருவில், கீழே செங்கல்லும் மேலே தேக்குமாக நிற்கிறதே ஒரு வீடு, அதை நம் யாங்கோனின், அதாவது பழைய ரங்கூனின், பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கலாமா என்பதுதான் தலைப்பு. அறிவிக்கலாம் என்கிறது எங்கள் அணி. எதிரணி அண்ணன் மூன்று காரணம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்: அங்கே பெரிய மனிதர் யாரும் பிறக்கவில்லை, தரையெல்லாம் ஒட்டு என்பதால் வீடு அசல் இல்லை, இடத்தைக் கான்ட்ராக்டரிடம் விட்டால் எட்டு மாடி எழும்பும், பாதி ஃப்ளாட் குடும்பத்துக்கே வரும்.

பெரிய மனிதர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நகர வளர்ச்சிக் குழுவின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் 189 கட்டடங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் அரசு அலுவலகம், கோயில், பள்ளிவாசல், சர்ச். 2014-இல் பாரம்பரிய அறக்கட்டளை கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லும் நீலப் பலகை பதிக்கத் தொடங்கியபோதும் முதல் பலகை மாநகர மண்டபத்துக்குத்தான் போனது. போகட்டும், நல்ல கட்டடம்தான், ஆனால் பலகை இல்லாவிட்டால் அதை யாராவது மறந்துவிடுவார்களா? 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து மூட்டை சுமந்தவர்களும் கடைக்கணக்கு எழுதியவர்களும் எங்கே சோறு பொங்கினார்கள், எங்கே படுத்தார்கள் என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால் மாநகர மண்டபத்தையா காட்டுவீர்கள்?

அடுத்து அந்த ஒட்டு. அண்ணே, நீங்கள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறீர்கள், நான் அந்த வீட்டில் தவழ்ந்தவன். கூடம் முழுக்கச் சிவப்புத் தரை, மாடிப்படிக்கு அடியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குச் சாம்பல் நிற சிமெண்ட். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் முதல் குண்டு போட்டான். சில வாரத்தில் என் பாட்டி வீட்டார் அந்த இடத்தைத் தோண்டி, அண்டா, குத்துவிளக்கு, பித்தளைப் பானை எல்லாவற்றையும் புதைத்துவிட்டு, லட்சக்கணக்கான பேரோடு கால்நடையாக அசாம் பக்கம் கிளம்பினார்கள். போனவர்கள் ஒன்பது பேர். சண்டை ஓய்ந்து திரும்பியவர்கள் நாலு பேர். தோண்டிப் பார்த்தால் அண்டாவைக் காணோம், குத்துவிளக்கு மட்டும் இருந்தது. கையில் இருந்த காசுக்குச் சிவப்புத் தரை போட முடியவில்லை, சிமெண்டைப் பூசி மூடிவிட்டார்கள். உங்களுக்கு ஒட்டாகத் தெரிகிற அந்த இடத்துக்காகத்தான் நான் பலகையே கேட்கிறேன். 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது மிச்சமிருந்தவர்களிலும் பலர் கப்பலேறிவிட்டார்கள், கணக்குப் புத்தகமும் கடிதங்களும் அவர்களோடு போயின, சிலது கரையானுக்குப் போனது. எங்கள் வீட்டார் நடந்ததற்கு வேறு எழுத்து கிடையாது, நடுவர் அவர்களே, அந்தச் சிமெண்ட்தான் இருக்கிறது.

கான்ட்ராக்டர் பேச்சு மட்டும் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். கூரை ஒழுகுகிறது, நம் ஊர் மழை மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை விடாது, பின்சுவர் வெடிப்பில் ஆலங்கன்று என் முழங்கை உயரம் வளர்ந்திருக்கிறது. நீலப் பலகை ஓட்டையை அடைக்காது. அதனால்தான் சும்மா பலகையைக் கேட்காமல், கீழ்க்கூடத்தை வாசகசாலைக்கு வாடகைக்கு எடுத்து, அந்தப் பணத்தில் கூரையை மாற்றலாம் என்கிறோம். எட்டு மாடி வாடகைக்கு இது ஈடாகாதுதான். ஆனால் வீட்டுக்காரச் சித்தி இன்னும் கையெழுத்துப் போடவில்லை, மூன்று கான்ட்ராக்டர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார், அவருடைய கணக்கையும் கொஞ்சம் மதியுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. தீர்ப்புக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மாடி பால்கனியிலிருந்து பேப்பர்காரருக்காகக் கிளிப் கட்டிய கயிறு தொங்கும், இரண்டு முறை இழுத்தால் சித்தி எட்டிப் பார்ப்பார். செருப்பை வெளியே விடுங்கள், அந்தச் சிமெண்ட் காலுக்கு வேறு மாதிரித் தெரியும்.