அடுத்த ஊரில் ஒரு நகல்

நேயர்களுக்கு வணக்கம். ஒரே தரவை வெகு தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் ஒருசேர எழுதிவைக்கும் மிரரிங் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஓரிடம் தீயிலோ வெள்ளத்திலோ போனாலும் இன்னொன்று இருக்கும். தேவையான ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தொலைவுக்கு ஒரு கூலி உண்டு.

தரவைச் சுமக்கும் கண்ணாடி இழையான ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி விநாடி. இங்கே டிஸ்க்கில் எழுதி முடிந்தாலும், அங்கிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வரும்வரை புரோகிராம் காத்து நிற்க வேண்டும். ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது என்ற வேலையானால், விநாடிக்கு 100 பதிவுகளைத் தாண்டாது. இரண்டு இடங்களையும் இணைக்கும் லிங்க்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

பதிலுக்குக் காத்திருக்காமல், நகலைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். வேலை விறுவிறுவென்று நடக்கும். இங்கே சர்வர் விழுந்தால், அனுப்பாமல் மிச்சமிருந்தது போச்சு. எத்தனை விநாடி இழக்கலாம் என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை டெக்னிக்கல் ஆட்கள் தலையில் கட்டக் கூடாது. லிங்க்கின் அளவையும் சராசரி நாளை வைத்துப் போடாதீர்கள், கணக்கு முடிக்கும் இரவை வைத்துப் போடுங்கள்.

2018 அக்டோபர் 21 அன்று புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரை இணைப்பு வெறும் 43 விநாடி அறுந்தது. மிச்ச இடங்களிலிருந்த கண்காணிப்பு சர்வர்கள் கூடி, மேற்குக் கரை டேட்டாபேஸைத் தலைமைக்குக் கொண்டுவந்தன. விதிப்படி சரிதான். ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதிய சில விநாடிகள் மேற்கில் இல்லை. மேற்கில் புதிதாக எழுதியது கிழக்கில் இல்லை. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. தானாகவே இடம் மாற்றும் வசதியை நான் இன்றும் தயங்கித்தான் போடச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிரர் என்பது பேக்கப் ஆகாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மாலை, டெஸ்ட் சர்வர் என்று நினைத்து ஒருவர் உண்மையான டேபிளை அழித்துவிட்டார். பதறிப்போய் அடுத்த ஊர் சர்வரைத் திறந்தோம். அங்கேயும் டேபிள் இல்லை. அழிக்கும் கட்டளையும் அதே லிங்க்கில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. முந்தின இரவு எடுத்த பேக்கப் டேப் ஒன்றுதான் கைகொடுத்தது. அன்றைய பகல் முழுவதும் ஏற்றியவற்றை, ஊழியர்கள் தாள்களைப் புரட்டி விடியும்வரை மறுபடி டைப் செய்தார்கள்.